கௌரிசங்கரச் சிகரம்

இமயத்தின் மிக உயர்ந்த கொடுமுடிக்குக் கௌரிசங்கரம் என்பது பெயர் என ஐரோப்பியர், அவருள்ளும் சிறப்பாக ஜெர்மானியர், தங்கள் தேசப்படங்களில் நெடுங்காலம் குறித்து வந்தனர். உமையொரு பாகனின் திருநாமம் உலகின் உச்சியில் விளங்குகிறது என்று கேட்ட அளவில் சிவநேயச் செல்வர்களின் உள்ளம் குளிரும். ஆயினும் அஃது உண்மையன்று. கௌரிசங்கரம் வேறு; எவரெஸ்டு வேறு.

இம்மயக்கம் நேர்ந்த வரலாறு அறியத்தக்கது. 1802ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய முக்கோண நில அளவை, படிப்படியாக வடக்கே சென்று இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. (1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றுகையில் கயிறு அறுந்து பழுதுற்ற பெருங்கருவி இவ்வளவைக்கு உரியதே.) நேபாள அரசு அந்நியரை உட்புக விடாமையால், அளவையாளர் தராய்ச் சமவெளியில் நின்று, நூறு மைலுக்கும் அப்பால் தோன்றிய பனிமுடிகளைக் கருவியால் நோக்கி எண்ணிட்டனர். 15 என்னும் எண் பெற்ற முடியே அனைத்தினும் உயர்ந்தது என்பது வங்காளத்துக் கணித வல்லுநர் இராதாநாத் சிக்தார் முதலியோரின் கணக்கால் விளங்கிற்று. 1856இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவித்த ஆண்ட்ரூ வா என்னும் அதிகாரி, அவ்விடத்தார் வழங்கும் பெயர் தமக்குக் கிட்டவில்லை என்று கூறி, தமக்கு முன் அப்பதவியை வகித்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை அதற்கு இட்டார். இந்திய மக்களால் அப்பெயரை உச்சரிக்க இயலாதே என்று எவரெஸ்டே தடை சொன்னார் என்பது சுவையான செய்தி. திபெத்தியரோ அம்முடியைச் சோமோலுங்மா என்றே வழங்கி வந்தனர். 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் வரைந்த தேசப்படத்தில் அப்பெயர் சற்றே திரிந்து காணப்படுகிறது.

ஹெர்மன் ஷ்லாகின்ட்வைட் என்னும் ஜெர்மானியர், காட்மாண்டுவை அடுத்த குன்றொன்றிலிருந்து நோக்கி, அங்குள்ளோர் கௌரிசங்கரம் என்று சுட்டிய முடியே அந்தப் பதினைந்தாம் முடி என முடிவு கட்டினார். அவர் கேட்ட பெயர் மெய்யே. பொருத்திய மலைதான் பிழை. 1903இல் நேபாளத்தினுள் சென்று அளந்த ஹென்றி வுட், மக்கள் கௌரிசங்கரம் என்பது 20 என்று எண்ணிட்ட முடியையே என்றும், அஃது எவரெஸ்டுக்கு மேற்கே 36 மைல் தள்ளி நிற்பது என்றும் நிறுவினார்.

இதனால் கௌரிசங்கரத்தின் பெருமைக்கு யாதொரு குறைவும் இல்லை. அதன் உயரம் 23,405 அடி. எவரெஸ்டினும் ஏறத்தாழ 5,600 அடி தாழ்ந்தது. எனினும் காட்மாண்டுவிலிருந்து வடகிழக்கே நோக்குவார் கண்ணுக்கு எடுப்பாகத் தோன்றுவது அதுவே. தொலைவில் நின்று எண்ணிட்டவர் வைத்த பெயரன்று அது. நாளும் கண்டு தொழுதவர் வழங்கிய பெயர். மலையும் பெயருக்கேற்ப இரட்டை முடி உடையது. வடக்கே உயர்ந்து நிற்பது சங்கரன். தெற்கே அமைந்தது கௌரி. அம்மலைச் சாரலில் வாழும் செர்பா மக்கள் அதனைச் சோமோ செரிங்மா என்னும் பெண் தெய்வத்தின் உறைவிடமாகப் போற்றுகின்றனர். 1979 வரை அம்முடிகளில் மனிதர் அடி படவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் சங்கர முடியையும், நவம்பரில் கௌரி முடியையும் வெவ்வேறு குழுவினர் எட்டினர்.