சுராங்கனியைக் கரை சேர்த்தவர்

எங்கள் சாலவாக்கம் பகுதியில் கூழ்வார்த்தல் திருவிழா என்றால் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட்தான். புளியமரத்தில் குழாயைக் கட்டி முடித்ததும் அம்மன் பாட்டு இரண்டு ஒலிக்கும். மாலையில் இளவட்டங்கள் கூடியதும் ‘சுராங்கனி’ வந்துவிடும். அதில் பாதி வரிகள் எங்களுக்குப் புரியாது. அவை சிங்களம் என்பதே பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டது, 1977-இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் பாடிய வடிவம். ஆனால் அந்தப் பாட்டை ஈழத்து மேடைகளில் பாடிப் புகழாக்கியவர் ஏ. ஈ. மனோகரன், தமிழகத்தில் சிலோன் மனோகர்.

மேற்கில் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்களின் வெள்ளைக் குடியானவர் பாட்டும் கறுப்பின மக்களின் தாள இசையும் கலந்து ராக்கபிலி பிறந்தது. 1954-இல் மெம்ஃபிஸில் எல்விஸ் பிரெஸ்லி பதிந்த முதல் இசைத்தட்டை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இலங்கையில் நடந்த கலப்பு இன்னும் பழையது. 1505-இல் வந்த போர்த்துகீசியரும், அவர்களோடு கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற ஆட்டத் தாளமே பைலா. ஆடுதல் என்னும் பொருள்கொண்ட போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆறெட்டுத் தாளத்தில் துள்ளும் அந்த இசைக்குச் சிங்களத்தில் நவீன உருக்கொடுத்தவர் வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர். கூடவே, ஜிம் ரீவ்ஸின் நாட்டுப்புற மெட்டுகள் வானொலி வழியாகக் கொழும்பு வீடுகளுக்குள் நுழைந்திருந்தன. கிதாரும் வந்திருந்தது. தமிழ் மட்டும்தான் பாக்கி.

அதைச் செய்ததில் மனோகரனுக்கு முன்னே நிற்பவர் நித்தி கனகரத்தினம். 1960-களின் பிற்பகுதியில், அம்பாறையில் மாணவராயிருந்தபோது அவர் இயற்றிய ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை அப்படியே தாளத்தில் ஏற்றியது. ஈழத்து எழுத்தாளர்கள் ‘மண்வாசனை’ என்று சொல்லி வட்டார வழக்கைக் கதைகளுக்குள் கொண்டுவர வாதாடிய காலமும் ஏறத்தாழ அதுவே. கதையில் வந்தால் இலக்கியம், கிதாரோடு வந்தால் கேளிக்கை என்று நம் விமர்சகர்கள் இரண்டையும் பிரித்துவைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1970-களில் பொப் இசை பெருகியதற்கு அரசியல் காரணமும் உண்டு. 1970 முதல் 1977 வரை ஆண்ட சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இந்தியாவிலிருந்து வரும் சஞ்சிகைகளுக்கும் வேறு பல சரக்குகளுக்கும் கட்டுப்பாடு விதித்தது. அந்த இடைவெளியில் உள்ளூர்க் கலைஞனுக்கு ஓர் இடம் கிடைத்தது. மனோகரன் அதை முழுதாகப் பிடித்துக்கொண்டார். நல்ல உயரம், கட்டுமஸ்தான உடல், கூட்டத்தைத் தன்னோடு சேர்த்துப் பாடவைக்கும் வித்தை. ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. சுருதி சுத்தத்தில் அவரைவிடச் சிறந்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஒரே பாட்டில் இரு மொழிகளையும் வைத்து, மீன் கொண்டுவந்த சேதி சொல்லும் ஒரு சாதாரண விளையாட்டுக்குச் சிங்களவரையும் தமிழரையும் சேர்ந்து கைதட்ட வைத்தது லேசான காரியமா?

செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி பிரேம்நாத் மொறாயஸ் இயக்கி 1978-இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்தில் அவர் நடித்தார். பின்னர் சென்னை வந்தார். இங்கே கிடைத்தவை பெரும்பாலும் அடியாள், வில்லன் வேடங்கள்; தமிழிலும் பிற தென்னிந்திய மொழிகளிலும் ஏராளமான படங்கள். ஒரு தீவையே ஆடவைத்தவரைக் கதாநாயகனிடம் அடிவாங்க வைத்தது நம் சினிமா. அதே ஆண்டுகளில் அங்கே, கைதட்டிய கூட்டமே கலைந்துகொண்டிருந்தது. 1981-இல் யாழ் நூலகம் எரிந்தது; 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. அதன்பிறகு இரு மொழிகளில் பாடும் அந்தப் பாட்டை எந்த மேடையில் பழைய மாதிரிப் பாடுவது? புலம்பெயர்ந்தோர் கூடிய மண்டபங்களில் அது பழைய நாட்களின் ஏக்கமாக மாறிப்போனது. நித்தி ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். செய்தி படித்த வாரத்தில் ஊருக்குப் போயிருந்தேன். ரேடியோ செட் வைத்திருந்த பெரியவர் தன் பழைய கேசட்டுப் பெட்டியை எனக்காக இறக்கிக் காட்டினார். சுராங்கனி இருந்தது. உறையில் நீல மையில் படத்தின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. ‘இதப் பாடுனது சிலோன்காரர் ஒருத்தராமே, அவரு சாமி பாட்டும் பாடியிருக்காரா தம்பி?’ என்று கேட்டார். முருகன் மேல் பாடியிருக்கிறார் என்றேன். ‘அப்ப அடுத்த வருஷம் அதையும் போட்டுருவோம்’ என்றார்.