அறுபதுக்கு நாற்பது

மஞ்சள் விதைப் பட்டாணியையும் பச்சை விதைப் பட்டாணியையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க மஞ்சள். அதைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்க விட்டால் அடுத்த தலைமுறையில் பச்சை திரும்பி வருகிறது. கிரிகோர் மெண்டல் எண்ணிய கணக்கு: 6,022 மஞ்சள், 2,001 பச்சை. மூன்றுக்கு ஒன்று. சென்ற இதழில் இதுவரை வந்தோம். பள்ளிப் பாடமும் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது.

பச்சை திரும்பி வருவதை மெண்டலுக்கு முன்பே பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ஜான் காஸ் 1820-களில் ஒரே காய்க்குள் இரண்டு நிற விதைகளைக் கண்டு எழுதியும் வைத்தார்; எண்ணவில்லை. மெண்டல் எண்ணினார், எண்ணியதோடு விடவுமில்லை. அந்த முக்கால் பங்கு மஞ்சளும் ஒரே வகைதானா என்று கேட்டார். மரபியல் பிறந்தது இந்தக் கேள்வியில்தான் என்பது என் எண்ணம்.

விதையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. விதைத்து, அதன் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். மஞ்சள் விதைகளில் முளைத்த 519 செடிகளைக் கவனித்தார். 166 செடிகள் மஞ்சள் மட்டுமே தந்தன. 353 செடிகளில் இரண்டும் வந்தன. மூன்று மஞ்சளில் ஒன்று தூயது, இரண்டு பச்சையைச் சுமப்பவை. ஆக, 3:1 என்று தெரிந்தது உண்மையில் 1:2:1.

விதையின் நிறம் என்றால் செடியில் காய்த்ததை உரித்தே எண்ணிவிடலாம். காயின் நிறம் (இதில் மேலோங்குவது பச்சை) அப்படியல்ல. ஒரு விதையின் குணம் தெரிய ஒரு முழுச் செடியை வளர்த்தாக வேண்டும். அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ப்ரூன் நகரில் (இன்றைய செக் குடியரசின் பர்னோ) மடத்துத் தோட்டத்தில் அவருக்கு இருந்த நிலம் ஏறத்தாழ 35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். அதனால் பச்சைக் காய்ச் செடிகளில் 100 எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் 10 விதை மட்டும் விதைத்தார். 33 தூயவை, 67 கலப்பு என்று வர வேண்டும். வந்தது 40, 60.

மெண்டலுக்கு இது உறுத்தியது. சோதனையைத் திரும்பச் செய்தார். இம்முறை 35, 65. இரண்டு முடிவுகளையும் 1866-ல் வெளியான கட்டுரையில் அச்சிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஏனென்றால் அந்த 60-ல் பெரிய பிழை எதுவும் இல்லை. கலப்புச் செடியின் ஒரு விதை பச்சைக் காய்ச் செடியாக வளரும் வாய்ப்பு நான்கில் மூன்று. பத்து விதையும் தொடர்ந்து அப்படியே அமையும் வாய்ப்பு 100-க்கு 5.6. அப்படி அமைந்தால் அந்தக் கலப்புச் செடி தூயது போலத் தெரியும். 67-ல் ஏறக்குறைய நான்கு இப்படித் தப்பிவிடும் என்றால், எதிர்பார்க்க வேண்டியது 63-தான். 60, 65 இரண்டுமே அதற்கு அருகில் உள்ளவை.

1936-ல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். மெண்டலின் எண்கள் மொத்தத்தில் நம்ப முடியாத அளவுக்குக் கச்சிதமாக இருக்கின்றன, யாரோ உதவியாளர் திருத்தியிருக்கலாம் என்றும் எழுதினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எண்ணைத் திருத்த நினைக்கும் மனிதர் முதலில் மறைத்திருக்க வேண்டியது அந்த 60-க்கு 40-ஐத்தான். மெண்டல் மறைக்கவில்லை. நான் அவர் பக்கம்.

கலப்புச் செடி இரு வகைக் காரணிகளையும் சமமாகக் கொடுக்கிறது என்ற தன் விளக்கத்தை மெண்டல் இன்னொரு வழியிலும் சோதித்தார். உருண்டை-மஞ்சள் கலப்புச் செடியின் மொட்டு விரியுமுன்பே மகரந்தத்தாள்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, சுருங்கிய-பச்சை வகையின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவினார். சுருக்கமும் பச்சையும் ஒடுங்கு பண்புகள். எதையும் மூடி மறைக்கும் வலு அவற்றுக்கு இல்லை. கலப்புச் செடி எந்தெந்தக் காரணிகளைக் கொடுக்கிறதோ அவை அப்படியே விதையில் தெரிந்துவிடும். நான்கு வகையும் சமமாக வரும் என்று எதிர்பார்த்தார். உருண்டை-மஞ்சள் 31, உருண்டை-பச்சை 26, சுருங்கிய-மஞ்சள் 27, சுருங்கிய-பச்சை 26 வந்தன. இன்றும் பயிர் இனப்பெருக்க நிலையங்களில் ஒரு செடி தூயதா, கலப்பா என்று அறிய இந்தச் சோதனைக் கலப்பைச் செய்கிறார்கள்.

1866-ன் கடைசி நாளில் மெண்டல் மியூனிக் தாவரவியலாளர் கார்ல் நேகலிக்குக் கடிதம் எழுதினார். நேகலியின் செல்லச் செடி ஹைரேசியம். பல வேளைகளில் கருவுறாமலேயே விதை வைக்கும் செடி அது; அந்த விதைகள் தாயைப் போலவே முளைக்கும். இது அப்போது இருவருக்கும் தெரியாது. மெண்டல் அடுத்து கையில் எடுத்தது அதைத்தான்.

(தொடரும்)