கரையேறிய மொழிகள் – 6: ஒட்டாத பட்டியல்

1814. வங்காளத்துச் செராம்பூரில் வில்லியம் கேரியின் தெலுங்கு இலக்கணம் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் தாய் சமஸ்கிருதமே, தெலுங்கும் அதன் வழிவந்ததே என்பது கேரியின் கட்சி. சொன்னவர் சாமானியர் அல்லர். இந்திய மொழிகள் பலவற்றில் பைபிளைக் கொண்டுவந்த பாதிரியார். அவர் வாக்கை மறுக்கச் சென்னைக் கலெக்டர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் எதைக் கையில் எடுத்தார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

அவர் கையில் எடுத்தவை, நம் பண்டிதர்கள் தொகுத்த பட்டியல்கள்.

அந்தப் பட்டியல்களைப் பிரிக்குமுன் வாசகர்கள் காசிமேட்டுக்கு ஒருமுறை வந்து போகவேண்டும். எல்லிஸ் 1796இல் சென்னைக்கு வந்தபோது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் அலை தாண்டிக் கரைசேரும். அந்தப் படகுகளை ஓட்டியவர்களின் குடியிருப்பு ராயபுரம். 1810இல் எல்லிஸ் கலெக்டர் ஆனபோது இந்தக் கரையும் அவர் நிர்வாகத்துக்குள் வந்தது.

இன்று விடியுமுன் காசிமேட்டு மீன் ஏலக்களத்தில் நின்றால், தமிழும் தெலுங்கும் கலந்தே காதில் விழும். விசைப்படகுகளில் ஆந்திரக் கரையிலிருந்து வந்த தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நாம் சுறா என்பதை அவர்கள் சொர என்பார்கள். இந்த ஒரு சொல்லை வைத்து உறவு கொண்டாட முடியாது. மீனோடு சேர்ந்து பெயரும் கைமாறியிருக்கலாம். கடன் வாங்கத் தேவையில்லாத சொற்களை எடுத்துக்கொள்வோம். கல், முள், கண், ஊர், பேர். தெலுங்கில் இவை கல்லு, முல்லு, கன்னு, ஊரு, பேரு. மெய்யில் முடியும் தமிழ்ச் சொல்லோடு அங்கே ஓர் உகரம் ஒட்டுகிறது. தமிழின் ளகரம் அங்கே லகரம், ணகரம் அங்கே னகரம். வடசென்னை வீடுகளிலும் நாம் கல்லு, முள்ளு, கண்ணு, ஊரு, பேரு என்றுதானே பேசுகிறோம்?

கன்னடத்தைப் பாருங்கள். பால் அங்கே ஹாலு; பத்து ஹத்து; பல் ஹல்லு; பூ ஹூவு. தமிழில் பகரம் முதலில் நின்ற இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வந்து நிற்கிறது. ஒரு சொல்லில் நடந்தால் தற்செயல் எனலாம். சொல்லுக்குச் சொல் ஒரே மாற்றம் ஒழுங்காக வந்தால், அது ஒரே மொழியிலிருந்து பிரிந்த தடயம். உலக மொழிகளின் உறவை அறிஞர்கள் இன்றும் இந்த ஒழுங்கை வைத்தே நிறுவுகிறார்கள்.

அடுத்தது சொல்லின் கட்டு. ‘படகுகளில்’ என்ற சொல்லைக் கழற்றிப் பாருங்கள்: படகு, கள், இல். தெலுங்கில் ‘படவலலோ’: படவ, ல, லோ. இரண்டிலும் முதலில் பொருள், பிறகு பன்மை, கடைசியில் வேற்றுமை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணி. சமஸ்கிருதத்தில் ‘ராமம்’ என்றால் ராமனை. ‘ராமான்’ என்றால் ராமர்களை. அங்கே பன்மைக்கும் வேற்றுமைக்கும் தனித்தனி உறுப்பு இல்லை. ஒரே விகுதி இரண்டையும் சுமக்கிறது.

அப்படியானால் கட்டு ஒத்துப்போனாலே உறவு என்று சொல்லிவிடலாமா? கூடாது. துருக்கி மொழியில் ‘எவ்லெர்தென்’ என்றால் வீடுகளிலிருந்து. எவ் வீடு, லெர் கள், தென் இலிருந்து. அச்சு அசலாக நம் கட்டுதான். ஆனால் துருக்கியும் தமிழும் உறவு என்று எவரும் நிறுவியதில்லை. கட்டோடு வேர்களும் ஒத்துவர வேண்டும்; ஒலிமாற்றத்தில் ஒழுங்கும் தெரியவேண்டும்.

எல்லிஸ் தேடியது அந்த வேர்களைத்தான். 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவானது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் பெயர் கொடுத்தது அதுதான். கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க எழுந்த அந்தக் கல்லூரியில் தமிழ், தெலுங்கு, கன்னடப் பண்டிதர்கள் ஒரே கூரையின்கீழ் கூடினார்கள். தெலுங்கின் வினைவேர்களை வேதம் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்தார். மசூலிப்பட்டினத்து மாமிடி வெங்கய்யா தம் அகராதியில் தெலுங்குச் சொற்களை வடமொழியிலிருந்து அப்படியே வந்தவை, திரிந்து வந்தவை, மண்ணுக்குரியவை, பேச்சு வழக்கானவை என்று பிரித்து வைத்திருந்தார்.

எல்லிஸ் முதலில் சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். ஒட்டவில்லை. பிறகு தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றின் வேர்களையும் நிரல்படுத்தினார். வரிக்கு வரி இனம் தெரிந்தது. வடசொற்களை எல்லாம் நீக்கினாலும் தெலுங்கின் உடல் அப்படியே நிற்கும்; அந்த உடல் தமிழோடும் கன்னடத்தோடும் பிறந்தது. கேரியின் கட்சி அங்கே விழுந்தது.

இதை எல்லிஸின் தனிச் சாதனையாக மட்டும் எழுதுவது நியாயமாகாது. மொழிகளைக் குடும்பமாகப் பார்க்கும் ஆர்வம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதத்தையும் கிரேக்கத்தையும் லத்தீனையும் உறவாக்கிப் பேசியிருந்தார். ஆனால் சொல்லை வேராகவும் விகுதியாகவும் அறுத்துப் பார்க்கும் கலை நம் இலக்கண மரபின் சொத்து. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியம் ஒரு தனி இயலே வகுத்திருக்கிறது. அந்தக் கல்வியில் ஊறிய பண்டிதர்கள் இல்லாமல் எல்லிஸின் பட்டியல் இல்லை. பட்டாபிராம சாஸ்திரியின் பெயரும் வெங்கய்யாவின் பெயரும் நம் பள்ளிப் பாடங்களில் ஏறவேண்டும்.

1816இல் ஏ.டி. கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு குறிப்பாக இந்தச் சான்று அச்சானது. கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வர இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன. அது வெளிவந்த 1856இல்தான் ராயபுரம் ரயில் நிலையமும் திறந்தது.

எல்லிஸின் குறிப்பில் ஒரு செய்தி வாசிப்பவரைத் திடுக்கிட வைக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, குடகு என்று தென்னாட்டு மொழிகளை அடுக்கியவர், கங்கைக் கரையோர ராஜமகால் மலைவாசிகளின் பேச்சிலும் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான சொற்கள் பல உண்டு என்று எழுதிவிட்டார். இன்று மால்தோ என்று அழைக்கப்படும் மொழி அது. அங்கேயும் மீனுக்கு மீனு என்றே பெயர். சென்னையிலிருந்து அவ்வளவு தூரத்தில், வங்காளத்தின் எல்லை மலைகளில், நம் உறவு எப்படி வந்தது?

அந்தக் கேள்வியைத் தொடர எல்லிஸுக்குக் கிடைத்தவை மூன்றே ஆண்டுகள். 1819 மார்ச்சில் தென்னாட்டுப் பயணத்தில் இருந்தவர், ராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு உட்கொண்டு இறந்துபோனார். வயது 41. ஆண்டுக்கணக்கில் சேர்த்த கையெழுத்துக் கட்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பிற்காலத்தில் அவற்றைத் தேடிப் புறப்பட்ட சர் வால்டர் எலியட்டின் காதுக்கு எட்டிய செய்தி கொடுமையானது: அந்தத் தாள்கள் மாதக்கணக்கில் ஒரு துரையின் சமையற்காரருக்கு அடுப்புப் பற்றவைக்க உதவினவாம்.

எல்லாமே எரிந்துவிட்டனவா? எலியட்டின் கைக்கு எட்டியது என்ன?

(அடுத்த வாரம்)