நிறுவ மறுக்கும் செயலிகள்: ஒரு மலையக வரலாற்றுக் குறிப்பு

பொல்பிட்டிய என்ற பெயரை இலங்கையின் மின்சார வரலாற்றைப் படித்தவர்கள் அறிவர். களனி கங்கையின் மேற்பகுதி நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையங்களின் வரிசையில், 1950இல் பழைய லக்சபானவும் 1965இல் விமலசுரேந்திர நிலையமும் தொடங்கப்பட்ட பின்னர், 1969இல் 75 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கியது பொல்பிட்டிய சமனல மின்னிலையம். அம்மின்சாரம் கொழும்புக்குச் சென்ற காலத்தில், சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகளில் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. மின்கம்பி லயன்களை வந்தடையப் பல ஆண்டுகள் பிடித்தன.

தொலைபேசியும் அவ்வாறே தாமதித்து வந்தது. இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கிற்று. 1995இல் டிஜிட்டல் வலையமைப்பும், 2006இல் மூன்றாம் தலைமுறைச் சேவையும், 2013இல் நான்காம் தலைமுறைச் சேவையும் வந்தன. ஒவ்வொன்றும் நகரத்தில் தொடங்கி, மலைமுகடுகளில் கோபுரங்கள் எழுந்த பின்னரே தோட்டங்களை எட்டியது. இன்று லயன் அறையில் மின்சாரம் உண்டு, கைப்பேசி உண்டு, அலைவரிசையும் ஓரளவுக்கு உண்டு. ஆயினும் இறுதியில் ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறது. தேவைப்பட்ட செயலியைத் தரவிறக்கினால், ‘செயலி நிறுவப்படவில்லை’ என்ற ஒற்றை வரி ஆங்கிலத்தில் தோன்றி மறைகிறது. ‘நமக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லை’ என்று கைப்பேசிக்கு உரியவர் தம்மையே நொந்துகொள்கிறார்.

உண்மையில் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை அறிந்தால் பழுதின் காரணமும் விளங்கும். பெரும்பாலும் குற்றம் பாவனையாளருடையதன்று என்பதும் விளங்கும்.

2003இல் நொக்கியா 6600 வெளியான காலத்திலிருந்து தொடங்கலாம். அக்காலத்தில் சாதாரணக் கைப்பேசிகளில் ஜாவாச் செயலிகளும், விலை கூடியவற்றில் சிம்பியன் செயலிகளும் இயங்கின. நொக்கியாவின் தொடக்ககால மலிவு வகைகள் சில 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஜாவாக் கோப்பை ஏற்கவே மாட்டா. 2006ஆம் ஆண்டளவில் புதிய சிம்பியன் கைப்பேசிகள் மற்றொரு நிபந்தனையை விதித்தன: செயலியில் அங்கீகரிக்கப்பட்ட மின்கையொப்பம் இருக்க வேண்டும். கையொப்பச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டால் நிறுவல் மறுக்கப்படும். கைப்பேசியின் திகதியைப் பின்னோக்கித் திருப்பி வைத்து அச்சான்றிதழை ஏற்கச் செய்யும் தந்திரத்தை அன்றைய தொலைபேசிக் கடைக்காரர் பலரும் அறிந்திருந்தனர்.

மலையக மக்களுக்குச் சான்றில்லாமல் நுழைய முடியாத வாசல் புதிதன்று. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பிய தொழிலாளியிடம், அவருடைய கடனைக் குறித்த ‘துண்டு’ கேட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. துண்டு தொழிலாளியைக் கடனில் கட்டிப்போட்டது. மின்கையொப்பமோ பாவனையாளரைப் பாதுகாக்க வந்தது. நோக்கங்கள் வேறாயினும், காரணம் புரியாமல் வாசலில் நிற்பவரின் தவிப்பு ஏறக்குறைய ஒன்றே.

2008 ஜூலையில் ஆப்பிளின் செயலிக் கடையும், அதே ஆண்டு ஒக்டோபரில் அண்ட்ரொய்டின் கடையும் திறக்கப்பட்டன. பின்னது 2012இல் கூகுள் பிளே எனப் பெயர் மாறியது. முதலாவது அண்ட்ரொய்ட் கைப்பேசியின் உள் நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. நினைவக அட்டையில் எவ்வளவு இடம் இருந்தாலும், செயலிகள் உள் நினைவகத்திலேயே அமர வேண்டியிருந்தது. 2010 மே மாதம் வந்த 2.2 பதிப்பே செயலிகளை அட்டைக்கு மாற்ற வழி செய்தது. அதுவும் எல்லாச் செயலிகளுக்கும் அன்று. ‘அட்டை காலியாக இருக்கிறதே, ஏன் இடமில்லை என்கிறது?’ என்ற கேள்வி அன்று பிறந்தது, இன்னும் சாகவில்லை. விடை எளிது: பார்க்க வேண்டியது உள் நினைவகத்தை. தரவிறக்கும் அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு இடமேனும் காலியாக இருப்பது நல்லது. வட்ஸ்அப்பில் வந்து குவிந்த காணொளிகளை நீக்கினாலே பல கைப்பேசிகள் மூச்சுவிடும்.

அடுத்தது கைமாற்றுக் காலம். டேட்டாவுக்குச் செலவழிக்க இயலாதவர்கள் நண்பரின் கைப்பேசியிலிருந்தோ நகரத்துக் கடையிலிருந்தோ புளூடூத் மூலம் செயலியைப் பெற்றுக்கொண்டனர். ‘அறியப்படாத மூலங்கள்’ என்ற அமைப்பைத் திறந்துவிட்டால் போதும். 2017இல் வந்த அண்ட்ரொய்ட் 8 இப்பொதுத் திறப்பை நீக்கி, கோப்பைக் கொண்டுவரும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அனுமதி கேட்டது. 2021 ஓகஸ்ட் முதல் கூகுள் பிளேயில் சேரும் புதிய செயலிகள் ஒரே கோப்பாக அல்லாமல், அந்தந்தக் கைப்பேசிக்கு ஏற்ற பகுதிகளாகப் பிரித்து வழங்கப்படும் முறைக்கு மாறின. அவற்றில் ஒரு பகுதியை மட்டும் பிரதியெடுத்துக் கொடுத்தால் அது நிறுவப்படாது. ஒரே செயலி வேறொருவரின் கையொப்பத்துடன் முன்பே இருந்தாலும் இதே மறுப்பு வரும். பழையதை நீக்கிய பின்பே புதியது ஏறும். நீக்குமுன் அதிலுள்ள தகவல்களைப் பிரதி செய்து வைத்துக்கொள்வது அவசியம். வங்கிச் செயலிகளை மட்டும் எக்காரணங்கொண்டும் கைமாற்றாகவோ, குறுஞ்செய்தியில் வந்த இணைப்பிலிருந்தோ பெறக்கூடாது.

யாவற்றிலும் கடினமான மறுப்பு வயதினால் வருவது. வட்ஸ்அப் சிம்பியன் எஸ்60 கைப்பேசிகளை 2017இலும், நொக்கியா எஸ்40 வகைகளை 2018 இறுதியிலும் கைவிட்டது. 2021 நவம்பரில் அண்ட்ரொய்ட் 4.1உம், 2023 ஒக்டோபரில் 5.0உம் குறைந்தபட்சத் தேவையாயின. 2.3.7 மற்றும் அதற்கு முந்திய பதிப்புகளில் கூகுள் கணக்கினுள் நுழைவதே 2021 செப்டெம்பர் 27 முதல் நின்றுபோயிற்று. மறுதலையாக, 2023இல் வந்த அண்ட்ரொய்ட் 14, மிகப் பழைய பதிப்புகளுக்கென எழுதப்பட்ட செயலிகளை ஏற்க மறுக்கிறது. வாங்கியவர் ஒரு தவறும் செய்யவில்லை. காலம் அவரைக் கடந்து போய்விட்டது.

பழைய கைப்பேசியைக் கைமாற்றாக வாங்குவோருக்கு இன்னும் இரண்டு இடர்கள் உண்டு. 2015இல் வந்த அண்ட்ரொய்ட் 5.1 முதல், முன்னைய உரிமையாளரின் கூகுள் கணக்கை நீக்காமல் கைப்பேசியை மீளமைத்தால் அது பூட்டிக்கொள்ளும். விற்பவரின் கண்முன்பாகவே கணக்கை நீக்குவித்து வாங்குவதே வழி. 2019 மே மாதத்தில் அமெரிக்கா விதித்த தடையால், அதன் பின் வெளிவந்த ஹுவாவி வகைகளில் பெரும்பாலானவற்றில் கூகுள் சேவைகள் இல்லை. அவற்றை நம்பி எழுதப்பட்ட செயலிகள் அங்கே தடுமாறும்.

இவை வெறும் பொழுதுபோக்குச் சிக்கல்களா? 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் இடம்பெயர்ந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட குடும்பத்தில், அந்த ஒன்றிலும் செயலி ஏறாவிட்டால் மூன்று பிள்ளைகளின் பாடமும் போயிற்று. போதாக்குறைக்கு, காரணம் சொல்லும் வரியோ ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் எழுத்து 1991லேயே யூனிகோட் முதற்பதிப்பில் இடம்பெற்றது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் இலங்கையின் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் கடையில் ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுத்த கைப்பேசியை அப்படியே பாவிப்போர் பலர். மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றினால், பாதி மறுப்புகளின் காரணமாவது வாசிக்கக் கிடைக்கும்.

செயலி ஏறாதபோது ஐந்து விடயங்களை வரிசையாகப் பார்க்கலாம்: உள் நினைவகத்தில் இடம், திகதியும் நேரமும், அண்ட்ரொய்ட் பதிப்பு, கூகுள் கணக்கு, செயலி வந்த வழி. சிம்பியன் காலத்தில் பிழையான திகதி கதவைத் திறந்தது. இன்று அதே பிழை பாதுகாப்பான இணைப்பை முறித்துக் கதவை அடைக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது.

ஆனால் பதிப்பே பழையதானால், ஏழையால் செய்யக்கூடியது அதிகமில்லை. அங்கே பொறுப்பு சேவையை வழங்குவோரிடம் செல்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கொண்டுவரப்பட்ட தேசிய எரிபொருள் அனுமதிக்கு இணையத்தளத்திலேயே பதிவுசெய்ய முடிந்தது. கிடைத்த கியூஆர் குறியீட்டைத் தாளில் அச்சிட்டும் காட்ட முடிந்தது. புதிய கைப்பேசி இல்லாத முச்சக்கர வண்டிக்காரரும் வரிசையில் நின்று பெற்றோல் பெற்றார். பாடசாலையும் வைத்தியசாலையும் வங்கியும் செயலியை நோக்கி நகரும் இந்நாளில், ஒரு தாளும் ஓர் இணையப் பக்கமும் குறுஞ்செய்தியும் மாற்றுவழியாகத் திறந்திருக்க வேண்டும். பொல்பிட்டிய மின்சாரத்துக்காக லயன்கள் காத்திருந்ததைப் போல இதற்கும் காத்திருக்கச் சொல்வது நியாயமாகாது.