மஸ்கெலியா பள்ளத்தாக்கும் பொறியியல் அறமும்

சிவனொளிபாதமலைச் சாரலின் நீரைத் திரட்டிவரும் மஸ்கெலி ஓயாவும், அதற்கு வடக்கே ஓடும் கெஹெல்கமு ஓயாவும் மலையை விட்டிறங்கும் இடத்தில் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. இவ்விரு ஆறுகளும் குறுகிய தூரத்திற்குள் பல நூறு மீட்டர் சரிந்து விழுவதால், இலங்கையில் நீர்மின்சாரம் பற்றிய சிந்தனை தொடக்கத்திலிருந்தே இப்பகுதியைச் சுற்றி வந்துள்ளது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் படித்த கட்டுரையில், நாட்டின் தொழில் வளர்ச்சிக்கும் இரயில் போக்குவரத்துக்கும் வேண்டிய ஆற்றலை இந்த நீர்வீழ்ச்சிகளிலிருந்தே பெறலாம் எனக் கணக்கிட்டுக் காட்டினார். குடியேற்ற அரசு அத்திட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதுமாகக் காலத்தைக் கழித்தமையால், லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது.

ஆண்டு முழுவதும் மின்நிலையங்கள் ஓடவேண்டுமானால் மழைக்கால நீரை மேலே தேக்கிவைக்க வேண்டும். அதற்காக 1960களின் நடுப்பகுதியில் கெஹெல்கமு ஓயாவின் குறுக்கே காசல்ரீ அணையும், அந்தத் தசாப்தத்தின் இறுதியில் மஸ்கெலி ஓயாவின் குறுக்கே மவுசாக்கலை அணையும் எழுந்தன. பன்னிரண்டு கோடி கனமீட்டர் அளவில் நீர் கொள்ளும் மவுசாக்கலை நீர்த்தேக்கம், பின்னர் அமைந்த கெனியன், புதிய லக்சபான நிலையங்களுக்கும் பொல்பிட்டிய நிலையத்துக்கும் நீர் அளிக்கிறது. விமலசுரேந்திரவின் பெயர் தாங்கிய நிலையத்தையும் பழைய லக்சபானவையும் சேர்த்தால், இவ்வைந்தின் தொடக்கக் கொள்ளளவு 335 மெகாவாட்டாகும். தொழில்நுட்ப அளவுகோலில் பார்த்தால் இது குறைசொல்ல முடியாத சாதனை. ஒரே நீரைப் பல படிகளில் பயன்படுத்தும் இந்த அமைப்பு, எண்ணெய் எரிக்காமல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாட்டுக்கு ஒளி தந்து வருகிறது.

ஆனால் மவுசாக்கலையில் நீர் ஏறிய இடம் வெறும் பள்ளத்தாக்கு அன்று. கடைத்தெருவும் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் கொண்டிருந்த பழைய மஸ்கெலியா நகரமும், அதைச் சூழ்ந்த தேயிலை மலைகளின் ஒரு பகுதியும் நீருக்குள் சென்றன. நகரம் மேட்டில் புதிதாக அமைக்கப்பட்டது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளிப்படுவதும், அவற்றைக் காண மக்கள் திரள்வதும் இன்றும் நிகழ்கின்றன.

இந்த நீர்த்தேக்கம் திட்டமிடப்பட்ட காலத்தில் இப்பகுதியின் பெரும்பான்மையான இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லர் என்பது இங்கே கருதவேண்டிய உண்மையாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பறித்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிக்கையால் பங்கிட்டது. 1952 முதல் 1977 வரை அவர்கள் சார்பில் நாடாளுமன்றத்தில் இருந்தவர்கள் நியமன உறுப்பினர்களே. மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் எவரும் இல்லை. லயத்தில் (வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில்) வாழ்ந்த குடும்பத்துக்குத் தான் வாழ்ந்த காம்பராவின் மீதும் உரிமை இல்லாதபோது, இழப்பீடு என்னும் கணக்கு நிலம் வைத்திருந்தோரிடமிருந்தே தொடங்கும். அணையின் உயரத்தையும் மழையின் அளவையும் நுணுக்கமாக அளந்த திட்டத்தில், அந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக உழைத்தவர்களின் ஒப்புதல் ஒரு கூறாக அளக்கப்படவில்லை. இது எந்தத் தனிப் பொறியியலாளரின் கொடுமையும் அன்று. குரலற்றவரைக் கேட்கும் கடமை அத்தொழிலின் விதிகளிலேயே அன்று எழுதப்பட்டிருக்கவில்லை. அதேவேளை, விதி இல்லாமை கடமை இல்லாமை ஆகிவிடாது. மின்கம்பிகள் தேயிலை மலைகளுக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் செல்ல, கீழே லயக் காம்பராக்களில் குப்பி விளக்கு பல தசாப்தங்கள் எரிந்துகொண்டிருந்ததை எந்த வாதமும் நியாயப்படுத்தாது.

உலகளவில் பொறியியலாளரின் ஒழுக்கக் கோவைகளும் மெதுவாகவே விரிந்தன. அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கம் 1914இல் ஏற்ற கோவை, பணி கொடுத்தவருக்கும் சக பொறியியலாளருக்கும் செய்யவேண்டியவற்றையே பெரிதும் பேசியது. பொதுமக்களின் பாதுகாப்பும் நலனுமே முதன்மை என்னும் விதி 1970களில்தான் அதில் உறுதிபெற்றது. பொறியியல் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பின் சுற்றுச்சூழல் குழு, 1985 நவம்பரில் புதுடில்லியில் கூடி, பொறியியலாளருக்கான சுற்றுச்சூழல் அறக்கோவையை ஏற்றது. ஒரு பணி இயற்கைக்கும் மனிதக் குடியிருப்புக்கும் விளைவிக்கக்கூடிய பாதிப்பை முன்கூட்டியே ஆராய்வது அக்கோவையின் சாரம். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை, அதாவது கட்டுமுன் பாதிப்புகளை ஆய்ந்து பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும் நடைமுறையை, சட்டமாக்கியது.

அதே 1988இல் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமும் நிறைவேறியது. இவ்விரண்டும் சேர்ந்து என்ன செய்தன என்பதைத் தலவாக்கலையில் காணலாம். அங்கு அமைந்த மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் கலிடோனியாவில் பெரிய நீர்த்தேக்கம் அமைக்கும் முந்தைய யோசனை கைவிடப்பட்டு, ஆற்றோட்டத்தையே நம்பும் சிறிய தேக்கம் தெரிவுசெய்யப்பட்டது. அதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்தது. மலையகத் தமிழ்க் கட்சிகளும் வெளிப்படையாக எதிர்த்தன. சென்கிளேயர் அருவியில் பகலில் நீர் விடப்படவேண்டும் என்ற நிபந்தனை பிறந்தது. 2012இல் 150 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, அதன் குறைகள் எவையாயினும், இடம்பெயர்வோர் கோரிக்கை வைக்கக்கூடிய மக்களாக நடத்தப்பட்டனர். மஸ்கெலியாவுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை உண்டாக்கியவை பொறியியல் அறிவின் வளர்ச்சியைவிட, வாக்குரிமையும் சட்டமுமே.

பெரிய அணைகளால் உலகில் 4 கோடி முதல் 8 கோடி வரையிலான மக்கள் இடம்பெயர்ந்தனர் என 2000ஆம் ஆண்டில் உலக அணைகள் ஆணைக்குழு மதிப்பிட்டது. அத்தொகையில் மஸ்கெலியாவின் பங்கு சிறிது. ஆனால் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் வரலாறு மலையகத்தின் வரலாறாகும். மின்சார சபையும் பொறியியலாளர் நிறுவனமும் தோட்டக் கம்பனிகளும் தம்மிடமுள்ள பழைய வரைபடங்களையும் கோப்புகளையும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைத்து, பள்ளத்தாக்கை நினைவில் கொண்டிருக்கும் முதியவர்கள் உள்ளபோதே அந்த வரலாற்றை எழுத உதவ வேண்டும்.