அருவியாறு கொணர்ந்தவை

மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடலை நோக்கியே நின்றுள்ளனர். மாந்தைத் துறையும், திருக்கேதீச்சரமும், அரிப்பின் முத்துக்குளிப்பும், 1560 இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையுமே அவர்களுக்குப் பொருளாயின. உள்நாட்டுப் பக்கம் திரும்பியோர் கட்டுக்கரைக்குளத்தைப் பேசினர். ஆயின், அவர்களும் நீரின் அளவையே பேசினரன்றி அந்நீர் தன்னுடன் எதனைக் கொணர்ந்தது என்று வினவினாரல்லர். அவ்வினாவை ஈண்டு எழுப்பிப் பார்க்கலாம்.

சிங்களத்தில் மல்வத்து ஓயா என வழங்கும் அருவியாறு 164 கிலோமீற்றர் நீளமுடையது; இலங்கையின் ஆறுகளுள் நீளத்தால் இரண்டாவது. ரிட்டிகல மலைப்புறத்தில் ஊற்றெடுத்து, நாச்சதூவக் குளத்தையும் அனுராதபுரத்தையும் கடந்து, காட்டூடாக மேற்கே வந்து மன்னார்க் கரையிற் கடலைச் சேர்கின்றது. கடலை அடையுமுன்னர் ஆற்றை மறித்துப் பண்டையோர் அமைத்த கல்லணை தேக்கம் எனப்படும். அங்கிருந்தே வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக்குளம் நீர் பெறுகின்றது. குளத்தைத் தாதுசேனனுக்கு உரியதாக்குவோரும், பராக்கிரமபாகுவுக்கு உரியதாக்குவோரும் உளர். அவ்விவாதம் நமக்கு இப்போது வேண்டுவதன்று.

ஆங்கிலேயர் காலத்து விவாதம் சுவையானது. எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், பண்டையோர் நிலமட்டத்தைப் பிழையாகக் கணித்தமையால் ஆற்றுநீர் இக்குளத்தை அடையவே இல்லை என்னும் கருத்துப்பட எழுதினார். இத்துணைப் பெரிய அணை கட்டியவர்க்கு நீர் எப்பக்கம் ஓடும் என்பது தெரியாதாம்! 1880 ஐ அண்டிய காலத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் மீண்டும் மட்டம் பார்த்தபோது, பிழை பண்டையோருடையதன்று என்பது புலனாயிற்று. அந்நூற்றாண்டு முடியுமுன் குளம் புனரமைக்கப்பட்டது. பாக்கர் பண்டையோருக்குச் செய்த நியாயம் பெரிது. எனினும், அவருடைய கணக்கிலும் ஆறு என்பது நீர் மட்டுமே.

காட்டினூடே ஓடும் ஆறு வெறும் நீரன்று. அருவியாற்றின் இருகரையும் மருத மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. அவை உதிர்க்கும் இலை, பூ, சுள்ளி யாவும் காபனின் சேமிப்பு. நீரில் வீழ்ந்த இலையை முதலிற் பற்றுவன பங்கசுக்கள். இங்கிலாந்தில் ஓடையில் அழுகிய இலைகளில் இத்தகைய நீர்ப்பங்கசுக்கள் பலவற்றை 1942 இல் இங்கோல்ட் விவரித்தார். இவை இலையின் காபனை உண்டு ஒரு பகுதியைக் காபனீரொட்சைட்டாக வெளிவிடுகின்றன. நீரிலுள்ள நைதரசனை ஈர்த்து இலையிற் சேர்க்கின்றன. ஆகவே அழுகும் இலை நிறையிற் குறையும்போதே நைதரசன் விகிதத்திற் கூடுகின்றது. பூச்சிகளும் இறால்களும் மீன்களும் அதனால் வாழ்கின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்துக் காட்டோடை ஒன்றை ஆராய்ந்த பிசரும் லைக்கன்சும், அவ்வோடை பெறும் சக்தியில் 99 வீதத்திற்கு மேற்பட்டது சூழவுள்ள காட்டிலிருந்தே வருகின்றதென 1973 இல் காட்டினர்.

ஆண்டு முழுவதும் ஓடும் அவ்வோடைக்குப் பொருந்துவதெல்லாம் நமது ஆற்றுக்கு அவ்வாறே பொருந்தா. அருவியாறு கோடையில் மணலாகக் கிடப்பது. உதிர்ந்த சருகு மாதக்கணக்கிற் காட்டுத் தரையிலும் ஆற்றுப்படுக்கையிலும் காய்ந்து கிடக்க, மாரியின் புதுவெள்ளம் அனைத்தையும் ஒருசேர வாரி வருகின்றது. காய்ந்த மண்ணில் முதல் மழை வீழ்ந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக் காபனீரொட்சைட்டையும் நைத்திரேற்றையும் திடீரெனப் பெருக்குகின்றன என்பதைக் கிழக்கு ஆபிரிக்க மண்ணிற் கண்டு 1958 இல் எழுதியவர் பேர்ச். புழுதி விதைப்புச் செய்யும் வன்னிக் கமக்காரன் அவ்வாய்வைப் படித்தவனல்லன். முதல் மழையை வீணாக்கலாகாது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

குளம் இவ்வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியச் செய்கின்றது. ஒட்சிசன் அற்ற சேற்றில் பற்றீரியாக்கள் நைத்திரேற்றின் ஒரு பகுதியை வாயுவாக்கி வானுக்கே திருப்பிவிடுகின்றன. எஞ்சியது சேற்றிலும் வயலிலும் தங்குகின்றது. கோடையில் வற்றிய குளப்படுக்கையில் மேயும் மாடுகளின் சாணமும் அதனுடன் சேரும்.

இங்கே வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டிய பரிசோதனை ஒன்றுண்டு. அதே நியூ ஹாம்சயரில், ஹபார்ட் புரூக்கில், போர்மனும் லைக்கன்சும் அவர்தம் துணைவரும் 1965 இன் இறுதியில் ஓர் ஓடைப் பள்ளத்தாக்கின் மரங்கள் அனைத்தையும் வெட்டி வீழ்த்தி, மீண்டும் முளையாதவாறு களைகொல்லி தெளித்தனர். ஓடைநீரில் நைத்திரேற்று பன்மடங்காகி, குடிநீருக்குரிய எல்லையையும் கடந்தது. காடு பிடித்துவைத்திருந்த நைதரசன் பிடி தளர்ந்ததும் ஒழுகிற்று. காடழித்த புதுநிலம் முதற் சில போகங்களில் அள்ளித்தருவதும், பின்னர் மெலிவதும் இதனாலேயே. சேனை செய்தோர் ஓரிரு போகத்தின் பின் நிலத்தைக் காட்டிடமே விட்டகன்றதன் காரணமும் இதுவே. அனுராதபுர அரசு சரிந்து குளங்கள் உடைந்த பின்னர் அருவியாற்றுப் பள்ளத்தாக்கிற் காடு நூற்றாண்டுக் கணக்கில் மீள வளர்ந்தது. பாக்கர் காலத்துக் குளம் பெற்ற நீர், அக்காட்டின் சேமிப்பிலும் பங்கு பெற்று வந்த நீர் என்று கொள்ளுதல் தவறாகாது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, நம் முன்னோர் யூரியாவையா இட்டனர் என்று கேட்கப்பட்டது. வரலாற்றைச் சான்றுக்கு அழைத்த கேள்வி அது. முன்னோர் இடவில்லைதான். ஆனால், அவர்களது வயலுக்கு மேலே காடிருந்தது, மந்தை இருந்தது, குழை தாழ்க்கும் வழக்கமிருந்தது, அவர்கள் விதைத்த நெல்லினங்கள் குறைந்த விளைச்சலும் குறைந்த பசியும் உடையன. பத்தலகொடையில் உருவாகிய புதிய இனங்களோ பசளைக்கு ஈடுகொடுத்து விளையுமாறு தெரிந்தெடுக்கப்பட்டவை. நவம்பரில் தடை தளர்ந்தபோது காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. பயிருக்குப் பசளை உரிய நேரத்திற் கிடைக்கவில்லை. அப்போகத்தின் நெல் விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்தது.