அச்சேறாத வணிகப் பத்திரிகை: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிப் போகிறது ரங்கப்பிள்ளை வீதி. காய்கறி வாங்கவும் துணி எடுக்கவும் தினமும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் தெரு இது. 18-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒரு பழைய மாளிகையும் இங்கே இருக்கிறது. கீழ்த்தளம் தமிழர் பாணி, மேல்தளம் பிரெஞ்சுப் பாணி. ஊரிலேயே முக்கியமான வணிகச் செய்திகள் ஒரு காலத்தில் இந்த வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தன. அவை அச்சாகவில்லை, விற்பனைக்கும் வரவில்லை. ஒரே ஒருவர் எழுதினார். அவர் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை.

அவர் 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளை. தாய்மாமன் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமை துபாஷியாக இருந்ததால் குடும்பம் இங்கே வந்தது. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு முடியாது. கம்பெனிக்குத் துணி வாங்கித் தருவது, உள்ளூர் வியாபாரிகளோடு விலை பேசுவது, நவாப் தரப்போடு கடிதப் போக்குவரத்து எல்லாமே துபாஷி பொறுப்புதான். இளம் வயதிலேயே பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக்காரர்களின் வணிக நிலையத்தை நிர்வகித்த ஆனந்தரங்கர், 1747-ல் டூப்ளே கவர்னராக இருந்தபோது தலைமை துபாஷி ஆனார்.

1736 செப்டம்பரில் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரி வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் அது நீண்டது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும், கப்பல்கள் வந்ததையும் போனதையும் எழுதுவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஒரு வியாபாரி நாட்குறிப்பு எழுதும்போது கப்பல் வரவை ஏன் இவ்வளவு முக்கியமாகக் குறிப்பிட வேண்டும்?

காரணம், புதுச்சேரி வியாபாரமே கப்பலை நம்பித்தான் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வெள்ளி வரும். அந்தப் பணத்திலிருந்து கம்பெனி உள்ளூர் வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுக்கும். வியாபாரிகள் அதைத் தரகர்கள் வழியாக நெசவாளர்களுக்குக் கொடுப்பார்கள். சில மாதங்களில் துணி புதுச்சேரிக்கு வரும். தரம் பார்த்து, வெளுத்து, கட்டுக் கட்டாகக் கப்பலேறும். துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்க, சலங்கு என்ற படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோகும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் காலம் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

ஆக, கப்பல் வந்தால் ஊரில் பணம் புழங்கும். வராவிட்டால் முன்பணம் இல்லை, தறி ஓடாது, கடன் பெருகும். 1744-ல் ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டு, கடல்வழி ஆபத்தானபோது புதுச்சேரி இந்தக் கஷ்டத்தை நேரடியாக அனுபவித்தது. 1746-ல் லபூர்தொனே கப்பற்படையுடன் வந்து சேர்ந்ததும், அதே ஆண்டில் சென்னையைப் பிடித்ததும் நாட்குறிப்பில் விரிவாக இருக்கின்றன. வரலாற்று மாணவருக்கு அது போர்ச் செய்தி. அன்றைய வியாபாரிக்கு அது சந்தை நிலவரம்!

அரசியல் செய்திகளும் அப்படித்தான். 1736-ல் கவர்னர் துய்மா ஆற்காட்டு நவாபிடம் ரூபாய் நாணயம் அடிக்க அனுமதி பெற்றார். 1739-ல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடினார். 1740-ல் மராட்டியர் படையெடுத்து நவாப் தோஸ்து அலியைக் கொன்றனர். நாணயம் மாறினால் கணக்கு மாறும். உள்நாட்டில் படை நடந்தால் நெசவாளர் ஊரை விட்டு ஓடுவார், துணி வராது. இதையெல்லாம் முதலில் அறிந்தவர் எவரோ அவரே எந்த விலைக்கு ஒப்பந்தம் போடலாம், எவருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முதலில் முடிவு செய்ய முடியும். ஆனந்தரங்கர் அந்த இடத்தில் இருந்தார். கவர்னர் மாளிகையின் பேச்சும் கடைவீதியின் பேச்சும் அவரிடம்தான் சந்தித்தன. எழுதிய தமிழும் அதே மாதிரி. அன்றைய பேச்சுத் தமிழில் பிரெஞ்சு, போர்த்துகீசிய, பாரசீகச் சொற்கள் தாராளமாகக் கலந்திருக்கும்.

இதே காலத்தில் லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? லாயிட்ஸ் காபிக் கடையைச் சுற்றிக் கூடிய வியாபாரிகளுக்காக 1734-ல் 'லாயிட்ஸ் லிஸ்ட்' என்ற பத்திரிகை தொடங்கியது. எந்தக் கப்பல் எங்கே வந்தது, எது மூழ்கியது, நாணய மாற்று என்ன என்பதே அதன் செய்தி. ஆனந்தரங்கர் பேனா எடுப்பதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு! இரண்டிலும் செய்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் லண்டனில் சந்தா கட்டிய எவரும் படிக்கலாம். புதுச்சேரியில் எழுதியவர் மட்டுமே படிக்கலாம்.

இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல. வணிகவியலில் 'தகவல் சமமின்மை' என்று ஒரு பாடம் உண்டு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையே கோணலாகிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் எழுதினார். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். 1740-களின் புதுச்சேரியில் அந்தக் கோணல் யாரைத் தாக்கியிருக்கும்? கடலையே பார்க்காத ஊரில் தறியில் உட்கார்ந்திருந்தவரைத்தான். கப்பல் வந்ததா, கம்பெனி என்ன விலை பேசியது என்பதெல்லாம் அவருக்குத் தரகர் சொன்னால்தான் தெரியும். தரகர் சொன்னதே விலை.

ஒருவர் கையில் மட்டும் இருக்கும் செய்திக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அவரோடு அதுவும் போய்விடும். 1756-ல் ஆனந்தரங்கர் பதவி இழந்தார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த அதே நாட்களில் இறந்தார். அப்போது ஊரில் ஒரு அச்சு இயந்திரம் இருந்தது. வென்றவர்கள் அதைச் சென்னைக்கு எடுத்துப்போய் வேப்பேரியில் இருந்த பாதிரியார் பப்ரீசியஸிடம் கொடுத்தார்கள். 1785-ல் சென்னையின் முதல் செய்தித்தாளான 'மெட்ராஸ் கூரியர்' வந்தது. புதுச்சேரியிலோ நாட்குறிப்பு பெட்டியில் கிடந்தது. 1846-ல்தான் கலுவா மொம்பிரேன் அதைக் கண்டுபிடித்தார். 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. அதற்குள் வணிகச் செய்தி வரலாறாகிவிட்டிருந்தது.

செய்தி எல்லோருக்கும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரைக்குச் செல்போன் வந்தது. அதற்கு முன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனைக் கொட்டுவார்கள். பக்கத்துக் கரையில் மீனே இருக்காது. போன் வந்ததும் மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது என்று ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

ஒரு வணிகப் பத்திரிகை செய்யும் வேலையும் இதுதான். பெரிய வியாபாரிக்கு விலை எப்படியும் தெரிந்துவிடும். அவருக்கு ஆள் இருக்கிறது, கடிதம் வருகிறது. பத்திரிகை தேவைப்படுவது மற்றவர்களுக்கு. ஆனந்தரங்கர் இல்லையென்றால் இன்று நமக்கு அந்தக் காலப் புதுச்சேரியே தெரிந்திருக்காது. அதே குறிப்புகள் அன்றைக்கே நெசவாளர் தெருவரை போயிருந்தால், முன்பணம் வாங்கும்போது அவர்களும் ஒரு விலை சொல்லியிருப்பார்கள்.